பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நேரங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 2:06. 2:58. 3:22. 4:02. இவை எவருடைய நினைவிலிருந்தும் எடுத்தவை அல்ல. லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகப் பதிந்து வைத்தவை. அந்த இரும்புப் பெட்டிக்குப் பயப்படவும் தெரியாது, கதை கட்டவும் தெரியாது. மற்றவை, அந்த மனிதன் தன் கைப்பட எழுதிக்கொடுத்த பதினொரு பக்க வாக்குமூலத்தில் உள்ளவை. எஞ்சியவற்றை அந்தக் கட்டடத்தின் வாயிற்காவலர் தம் காதால் கேட்டார்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தார்ச்சாலை இளகும்படி வெயில் காய்ந்த பட்டப்பகல். ஆனால் லிஃப்ட் ஓடுகிற அந்தச் செங்குத்துப் பொந்துக்குள் பகல் என்ற ஒன்று என்றைக்கும் நுழைந்ததில்லை.

அவனுக்கு அந்த ஊர் வைத்த பெயர் 'மூணுவாட்டி'. லிஃப்ட் பழுது பார்ப்பவன். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டால், அந்தப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். நான்கு படி இறங்கிய பிறகு, மனம் கேளாமல் திரும்ப ஏறி வந்து இன்னொரு மூன்று முறை இழுப்பான்.

"வீட்டுக் கதவையும் இப்பிடித்தான் பூட்டுவியா?" என்று கேட்பான், அவனோடு வேலை செய்த நெட்டையன். "ஒம் பொண்டாட்டி வெளிய நின்னே கிழவி ஆயிருவாளே!"

"எனக்குப் பொண்டாட்டி இல்ல" என்பான் இவன். அது பொய்.

லிஃப்ட் வேலையில் ஒரு நியதி உண்டு. பொந்துக்குள் இறங்குகிறவன் எவனோ, அவனே மெயின் ஸ்விட்சை அணைத்துத் தன் சொந்தப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். சும்மா கிடக்கும்போது சாவி பூட்டிலேயே இருக்கும். பூட்டிவிட்டால் சாவி அவன் சட்டைப்பைக்குப் போகும். பூட்டியவனைத் தவிர வேறெவனும் அதைத் திறக்கலாகாது, அறுக்கலாகாது. பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே. எதிர்க்கடையில் அவன் டீ குடிப்பதாக நான்கு பேர் சொன்னாலும், ஆள் உள்ளே. அந்தத் தொழிலுக்கு இதுதான் வேதம்.

அந்த வேதத்தை அவன் ஒருமுறை மீறியிருந்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், மச்சானோடு வேலை செய்துகொண்டிருந்தான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வேலையில் இவனுக்கு மேல் மேஸ்திரி. ஒருநாள் ஒரு ஜவுளிக்கடையில், லிஃப்ட் பொந்தின் அடிக்குழியில் மச்சான் நசுங்கிச் செத்தான். விசாரணையில் இவன் சொன்னது ஒரே வாக்கியம்: "அவரு பூட்டே போடல சார்." பழி முழுவதும் செத்தவன் தலையில் ஏறியது. தொழில் தெரிந்தவன், ஆனால் அசட்டையால் செத்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

மனைவி மட்டும் ஒப்பவில்லை.

"எங்கண்ணன் சட்டப்பையில சாவி இருந்துச்சே. பூட்டாதவன் சாவிய எதுக்கு உருவுனான்? பூட்டு எங்க?"

பதினொரு நாள் கேட்டாள். பல் துலக்கும்போது கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள். விளக்கை அணைத்த பிறகு, இருட்டில், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டாள். பன்னிரண்டாம் நாள் அவன் வீட்டில் இல்லை. ஓடும் ரயிலின் கதவருகே நின்று, அறுபட்ட பூட்டொன்றை ஆற்றுக்குள் எறிந்துகொண்டிருந்தான்.

அந்தப் பூட்டின்மேல் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. இருவர் பூட்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மாறிப்போகக் கூடாதென்று அவள் தன் நகப்பூச்சால் அடையாளம் வைத்திருந்தாள். அண்ணனுக்கு மூன்று புள்ளி, கணவனுக்கு இரண்டு.

"எனக்கு மட்டும் ஏன் ஒண்ணு கொறச்சல்?"

"எங்கண்ணனுக்கு அப்புறந்தான் நீ" என்று சொல்லிச் சிரித்திருந்தாள்.

தன் பூட்டிலிருந்த இரண்டு புள்ளிகளையும் அவன் ரயிலிலேயே பிளேடால் சுரண்டி எடுத்தான். பூட்டை எறிய மனம் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேண்டுமே.

நான்கு ஆண்டுகள். மூன்று ஊர்கள். இரண்டு பெயர்கள். அதன் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம், இரண்டு லிஃப்டுகள். இடப்பக்க லிஃப்டின் குழியிலிருந்த தாங்குசுருள்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. ஆட்கள் ஏறும் கூண்டு தவறிக் கீழே வந்தாலும் தரையில் மோதாமல் தாங்குகிற கனத்த ஸ்பிரிங்குகள் அவை. பழையவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்த வேண்டும். வாரநாளில் லிஃப்டை நிறுத்தினால் மாடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே விடுமுறை நாள்.

வாயிற்காவலர் மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர்; யாரையும் வாய்ச்சண்டை இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

"என்ன மூணுவாட்டி, ஞாயித்துக்கெழமயும் படியிலதான் ஏறப் போறியா? அந்த லிஃப்டு நல்லாத்தானே ஓடுது?"

"கால் மறந்துடக் கூடாதுண்ணே."

"சமையக்காரன் தான் ஆக்குனதத் திங்கமாட்டான், லிஃப்டு மெக்கானிக்கு லிஃப்டுல ஏறமாட்டான். வெவரமான ஆளுங்கப்பா நீங்க. நெட்டையன் எங்க?"

"கொழந்தைக்குக் காய்ச்சலாம். மூணு மணிக்கு வர்றானாம்."

"அப்ப மூணு மணிக்கு எறங்கு. ஒத்தையில எறங்கக் கூடாதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ?"

"ஸ்பிரிங்கக் கழட்டி வைக்கிறேன். அவன் வந்ததும் மாட்டிக்கலாம்."

காவலர் தோளைக் குலுக்கினார்.

மொட்டைமாடிக்குக் கீழே இயந்திர அறை. கூண்டை இரண்டாம் மாடியில் நிறுத்திவிட்டு, ஒன்பது மாடியும் படியேறிப் போனான். பிற்பகல் 2:06. மெயின் ஸ்விட்சை அணைத்தான். பூட்டை மாட்டினான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான். இழுத்துப் பார்த்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

அப்போதுதான் ஒரு மணம் வந்தது.

கிரீஸ் மணம் அன்று. சூடேறிய கம்பியின் மணமும் அன்று. இனிப்பும் காரமும் கலந்து மூக்கின் நுனியைச் சுண்டுகிற மணம். நகப்பூச்சு.

சன்னலைப் பார்த்தான். மூடியிருந்தது. யாராவது பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான்கு படி இறங்கினான். வழக்கம்போலத் திரும்ப ஏறி வந்தான். பூட்டு இருந்தது. இழுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. விரல் நுனியைப் பார்த்தான். லேசாகப் பிசுபிசுத்தது.

துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

2:19. தரைத்தளத்தில் லிஃப்டின் வெளிக்கதவை முக்கோணச் சாவியால் திறந்தான். கதவு தானாக மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. ஆகவே அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினான். உள்ளே ஐந்தடி ஆழக் குழி. சுவரில் இரும்பு ஏணி. தலையில் கட்டிய விளக்கை ஏற்றிக்கொண்டு இறங்கினான். அண்ணாந்து பார்த்தான். இரண்டு மாடி உயரத்தில் கூண்டின் அடிப்பாகம் கருப்பாகத் தெரிந்தது. எண்ணெய் வழிந்து காய்ந்த பழைய பலகை போல. அசையவில்லை. எப்படி அசையும்? பூட்டு அவனுடையது. சாவி அவன் நெஞ்சருகே.

முதல் சுருளைக் கழற்றினான். இரண்டாவது, துருவில் இறுகிப் போயிருந்தது. சுத்தியால் தட்டித் தட்டி அதையும் எடுத்தான். இரண்டையும் தூக்கி வெளியே உருட்டினான். குழியின் தரை வெறுமையாயிற்று. இனி அங்கே அவனைத் தவிர வேறெதுவும் இல்லை. மேலிருந்து வருவதைத் தாங்க ஒன்றும் இல்லை.

2:41.

கிர்ர்... கிர்ர்...

குழிச்சுவரில் ஒரு இன்டர்காம் இருந்தது. மேலே இயந்திர அறைக்கும், வாசலில் காவலர் மேசைக்கும் இணைப்பு. காவலராக இருக்கும். எடுத்தான்.

"சொல்லுங்கண்ணே."

மூச்சு மட்டும் கேட்டது. குனிந்த நிலையில் வேலை செய்கிறவன் விடுகிற, நெஞ்சு நசுங்கிய மூச்சு.

"நெட்டையா? வந்துட்டியா?"

"மாப்ள..."

அவனை அப்படி அழைத்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

"பூட்டியாச்சா, மாப்ள?"

கை நழுவியது. ரிசீவர் கம்பியில் ஆடிச் சுவரில் இடித்தது. டக். டக். டக்.

ஏணியைப் பிடித்தான். அதே கணத்தில் மேலே கதவடியில் செருகிய மரக்கட்டை நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை. அவன் கண்ணெதிரே, மெல்ல, ஒரு சாண் நகர்ந்து, குழிக்குள் விழுந்தது. கதவு ஓசையின்றி மூடிக்கொண்டது.

அந்தக் கதவை உட்புறத்திலிருந்து தாழை விலக்கித் திறக்கலாம். ஆயிரம் முறை திறந்தவன். விலக்கினான். திறக்கவில்லை. இரண்டு கையாலும் விலக்கினான். தோளால் முட்டினான். மறுபக்கத்தில் ஒருவன் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நிற்பது போல இருந்தது.

"அண்ணே! அண்ணே!" என்று கத்தினான். வாசலில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காவலருக்குக் கேட்கவில்லை.

2:58.

மேலே ஒரு முனகல். ங்ங்ர்ர்ர்...

மோட்டார் ஓடும் சத்தம் அன்று. கம்பி வடம் மட்டும் இழுபடும் சத்தம். அண்ணாந்தான். தலைவிளக்கின் ஒளியில், கருப்புப் பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது.

தரைத்தளக் கதவுக்கு நேராக அது வந்து நின்றது. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சக் கோடு அணைந்தது. இனிக் கதவு திறந்தாலும் பயனில்லை. கூண்டே மூடியாகிவிட்டது. அவனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கழுத்தைச் சாய்த்துக் குனிந்து நின்றான்.

சட்டைப்பையைத் தடவினான். சாவி இருந்தது. சாவி இருக்கும்வரை பூட்டு இருக்கிறது. பூட்டு இருக்கும்வரை லிஃப்ட் ஓடாது.

லிஃப்ட் ஓடியிருந்தது.

சின்ன வயதில் மனப்பாடமாயிருந்த ஒரு துதிப்பாட்டை முணுமுணுக்கப் பார்த்தான். முதலடி வந்தது. இரண்டாம் அடி வரவில்லை.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்து குரல் கசிந்தது.

"என் பூட்டு எங்க, மாப்ள?"

கோபமான குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவன் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறான். அது வேலை நேரத்துக் குரல். ஸ்பேனர் எங்கே, திருகு எங்கே என்று கேட்கிற குரல்.

இங்கே காவலர் சொன்னதைச் சேர்க்க வேண்டும். 3:04க்கு அவர் மேசையிலும் இன்டர்காம் அடித்தது. எடுத்தார். குழியிலிருந்து இவன் பேசுவது தெளிவாகக் கேட்டது. இவன் குரல் மட்டுமே கேட்டது. கேள்விகள் அவர் காதில் விழவில்லை. ஒரு கேள்விக்கு இடம் விட்டு, இவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீ... நீ பூட்டே போடல மச்சான்."

ங்ங்ர்ர். கூண்டு ஒரு சாண் இறங்கியது.

முழங்கால் மடிந்தது.

"என் பூட்டு எங்க, மாப்ள?"

"வெட்டுனேன்! வெட்டிட்டேன் மச்சான்! மறந்துட்டு வெளிய போயிட்டன்னு நெனச்சேன். டீக்கடையில உன்ன மாதிரியே ஒருத்தன்... கடைக்காரன் கத்துனான், லிஃப்டப் போடு போடுன்னு கத்துனான்..."

ங்ங்ர்ர். இன்னொரு சாண்.

மண்டியிட்டான். பலகை தலைவிளக்கில் இடித்தது. கண்ணாடி உடைந்தது. இருட்டு.

3:15 என்று பெட்டி பதிந்திருக்கிறது.

"மணி அடிச்சேனே மாப்ள. கேக்கலயா?"

"கேக்கல..."

இரண்டு சாண். 3:22.

மல்லாந்து படுத்தான். கைகளை மார்புக்கு மேலே ஊன்றி இரும்பைத் தள்ளினான். மலையைத் தள்ளுவது போல இருந்தது. கிரீஸ் சொட்டு ஒன்று உதட்டில் விழுந்தது.

"கேக்கலயா?"

காவலர் இப்போது எழுந்துவிட்டார். ஒரு கையில் ரிசீவர், மறுகையில் கைப்பேசி. தீயணைப்பு நிலையத்தை அழைத்துக்கொண்டிருந்தார். அப்போது காதில் விழுந்ததை அவர் சாகும்வரை மறக்கப் போவதில்லை. ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது அவர் கேட்டதில்லை.

"கேட்டுச்சு மச்சான்! கேட்டுச்சு! மணி அடிச்சுது. கட்டர் கையில இருந்துச்சு. குழியிலேர்ந்துதான் அடிக்குதுன்னு தெரியும். நீ உள்ள இருக்கன்னு தெரியும். காலையில எல்லார் முன்னாடியும் என்னை அசட்டைப் பயன்னு சொன்னியே... ஒரு சாண்... ஒரே ஒரு சாண் எறக்கி உன்னக் கத்த வைக்கணும்னு... அவ்ளோதான் மச்சான்! எவனோ கீழ பட்டன அமுக்கி வச்சிருக்கான், எனக்கு எப்பிடித் தெரியும்... அது நிக்கல... நான் அணைக்கிறதுக்குள்ள..."

கூண்டு இறங்கவில்லை.

ஏறவுமில்லை.

பிறகு குரல், மிக அருகில். ரிசீவரிலிருந்து அன்று. காதருகே. அவனைப் போலவே மல்லாந்து, அவன் பக்கத்தில் படுத்திருப்பவனின் குரல்.

"எனக்கா சொல்ற? எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லு."

அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. காவலர் எண்ணிக்கொண்டிருந்தார். பதினொரு முறை.

பதினொன்றாம் முறை முடிந்தபோது கூண்டு ஒரு விரற்கடை இறங்கியது. சட்டையின் நடுப்பொத்தானைத் தொட்டு நின்றது.

4:02.

"நான் இங்கதான் இருக்கேன், மாப்ள."

அதற்குப் பின் மூச்சுச் சத்தம் மட்டும். இரண்டு பேர் மூச்சு.

4:31க்குத் தீயணைப்பு வீரர்கள் ஜாக்கி வைத்துக் கூண்டை நெம்பி, அவனை வெளியே இழுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சில் பொத்தானின் வட்டத் தடம் மட்டும் பதிந்திருந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி: "உள்ள இன்னொருத்தர் இருக்காரு, அவரை எடுத்தாச்சா?"

பேய்க்கதை கேட்கிறவர்கள் இங்கே ஆறுதல் அடையக்கூடும். குற்ற மனம், இருட்டு, மூச்சுத் திணறல். மனிதனின் மனமே எல்லாவற்றையும் உண்டாக்கிக்கொண்டது என்று சொல்லலாம். நெட்டையனும் அப்படித்தான் நினைத்தான், இயந்திர அறைக்குப் போகும்வரை.

மெயின் ஸ்விட்ச் அணைந்தே இருந்தது. அதில் ஒரு பூட்டு தொங்கியது. அது மூணுவாட்டியின் பூட்டு அன்று. அதன்மேல் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஆற்றுச் சேறு காய்ந்து, பூட்டின் வளைவில் பொருக்காக ஒட்டியிருந்தது. அறுபட்ட தடம் எங்கும் இல்லை.

மூணுவாட்டியின் பூட்டு அவனுடைய கருவிப் பையின் அடியிலிருந்து கிடைத்தது. அறுபட்டிருந்தது. அந்தப் பையில் கட்டர் இல்லை. நான்கு ஆண்டுகளாக அவன் கட்டரைத் தொட்டதே இல்லை. பிளேடால் சுரண்டிய இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். எடுத்துப் பார்த்த காவல்துறை ஆய்வாளரின் கட்டை விரலில் சிவப்பு ஒட்டியது. இன்னும் காயவில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் பதிவையும் எடுத்தார்கள். பெட்டிக்குள் தனி பேட்டரி உண்டு. ஆகவே மின்சாரம் இல்லாதபோதும் பதியும். 2:06க்கு மின்சாரம் நின்றது. பிறகு வரவே இல்லை. 2:58, 3:09, 3:15, 3:22, 4:02 ஆகிய நேரங்களில் கூண்டு இறங்கியது. இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. கம்பெனி நிபுணர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பதிவுல கோளாறு" என்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் குழிப் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் அவன் மனைவி வந்தாள். ஆய்வாளர் வரவழைத்திருந்தார். படியேறி இயந்திர அறைக்கு வந்தாள். கையில் ஒரு சிறு சாவி. கைவிலங்கோடு மூலையில் நின்றவனை அவள் பார்க்கவில்லை. பூட்டை மட்டும் பார்த்தாள்.

"இது யாரோடதும்மா?" என்றார் ஆய்வாளர்.

"எங்கண்ணன்து. புள்ளி நான் வச்சது."

"சாவி?"

"அண்ணன் சட்டப்பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தது. நாலு வருசமா அடுப்படி ஆணியில தொங்குது." உள்ளங்கையிலிருந்த சாவியைத் திருப்பிக் காட்டினாள். "ஞாயித்துக்கெழம மத்தியானம் அது ஆணியில இல்ல சார். வீட்டையே பொரட்டிப் போட்டேன். சாயங்காலம் பாக்குறேன், ஆணியில இருக்கு. தொட்டா கையெல்லாம் கிரீஸு."

ஆய்வாளர் பூட்டின் பக்கம் கை காட்டினார்.

"போட்டுப் பாரும்மா."

சாவியைப் பூட்டில் நுழைத்தாள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அவள் திருப்பவில்லை.

மூலையிலிருந்து அவன் பேசினான். "தொறந்துரு... உன் கால்ல விழறேன். தொறந்து அத எடுத்துட்டுப் போயிரு."

அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு ஆண்டுக் கேள்விக்கு விடை கிடைத்த முகத்தில் அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை.

"பூட்டுனவன்தான் தொறக்கணும். உனக்குத் தெரியாததா?"

சாவியை உருவிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆய்வாளர் படம் எடுத்துக்கொண்டு, பூட்டை அறுக்கச் சொன்னார். நெட்டையன் கட்டரைக் கீழே வைத்துவிட்டான். "சார், பூட்டு தொங்குனா ஆள் உள்ள இருக்கான். நான் வெட்ட மாட்டேன். வேற ஆளப் பாருங்க." அந்த ஊரிலிருந்த அத்தனை லிஃப்ட்காரர்களும் அதையே சொன்னார்கள். கட்டட உரிமையாளருக்கு இன்னொரு லிஃப்ட் இருந்தது. இதை அப்படியே விட்டுவிட்டார்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்யவில்லை. சிறைக்குப் போன நாளில் அவன் முகம் தெளிந்திருந்ததாகச் சொல்கிறார்கள். தொழில் தெரிந்தவன் அல்லவா? பூட்டு தொங்குகிறதென்றால் மச்சான் அந்தப் பொந்துக்குள் இருக்கிறான். அங்கே இருக்கிறவன் இங்கே வர முடியாது.

மாதந்தோறும் காவலருக்கு ஒரு தபால் அட்டை வரும். ஒரே வரி. "பூட்டு இன்னும் தொங்குகிறதா?" காவலர் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒன்பது மாடியும் ஏறுவார். இவரும் இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை. பார்ப்பார். இறங்கி வந்து பதில் எழுதுவார்: "தொங்குகிறது." இப்படிப் பத்தொன்பது அட்டைகள் போயின.

இருபதாவது அட்டை சென்ற வியாழக்கிழமை வந்தது. காவலர் ஏறினார். இயந்திர அறையைத் திறந்தார்.

நகப்பூச்சு மணம்.

மெயின் ஸ்விட்சில் பூட்டு இல்லை. தரையில் இல்லை. சன்னலடியில் இல்லை. இரும்புத்தூள் எதுவும் சிந்தவில்லை. பூட்டியவன் வந்து முறைப்படி திறந்துகொண்டு போனது போல, கொக்கி சுத்தமாக இருந்தது.

காவலர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார்.

"அம்மா... அந்தச் சாவி இருக்கா?"

"இல்ல. ஆணியில இல்ல."

"எப்பத்துலேர்ந்து?"

"மூணு நாளா."

"அது... அன்னைக்கு மாதிரி திரும்பி வந்துரும்மா. தேடிப் பாருங்க."

"எதுக்குத் தேடணும்?" என்றாள் அவள். "வேலை முடிஞ்சதும் எங்கண்ணன் கொண்டாந்து மாட்டிருவான்."

அட்டை காவலர் மேசைமேல் கிடக்கிறது. இன்றுவரை அவர் பதில் எழுதவில்லை.